கை துடைத்த இடம்

எங்கள் தெருவில் கறைபட்ட சட்டையோடு யாரும் நிம்மதியாக நடந்துவிட முடியாது. லாண்டரி அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தால் கூப்பிட்டு நிறுத்திவிடுவாள். "ஏங்க, பாக்கெட் ஓரத்துல என்ன, மையா? கழட்டிக் குடுங்க, நீங்க டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள எடுத்துத் தர்றேன்" என்பாள். கறையைக் கண்டால் அவளுக்குக் கை பரபரக்கும். கோணலாகத் தொங்குகிற படத்தைப் பார்த்தால் நேராக்காமல் போக முடியாதவர்கள் சிலர் இருக்கிறார்களே, அந்த ரகம்.

என் கடை அவர்கள் லாண்டரிக்கு நேர் எதிரே. பட்டன், நூல், ஜிப், ஊசி, லைனிங் துணி விற்கிறேன். நான் ஒண்டிக்கட்டை. மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் அக்கா வீட்டில்தான். அதனால் அந்த வீட்டில் ஒரு தட்டு உடைந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

முன்பக்கம் கல்லாவும் இஸ்திரி மேஜையும். இஸ்திரி அக்கா புருஷனின் ராஜ்ஜியம், மாமா என்று கூப்பிடுவேன். அவர் பேசுவது குறைவு. பெட்டி புஸ்ஸென்று ஆவி விடுகிற சத்தமே அவர் பேச்சு மாதிரி. பின்பக்கம் பாய்லர், தொட்டிகள், இரண்டு மெஷின்கள். மாடியில் இரண்டு அறை. அடுப்படி மாடிப்படிக்குக் கீழே. வருஷம் பூராவும் வீட்டுச் சுவரில் ஈரம் கோத்திருக்கும். படுக்கை விரிப்பில்கூட சோப்பு வாசனை.

அந்த வாசனை அக்காவுக்கு மட்டும் தெரியாது. பிளீச்சிங் பவுடரில் முப்பது வருஷம் குனிந்து குனிந்து அவள் மூக்கு எப்போதோ போய்விட்டது. ஒருநாள் மாமா கண் அசந்து ஒரு சட்டையின் முதுகைப் பொசுக்கிவிட்டார். தெருமுனை வரைக்கும் நாற்றம். அக்கா அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "சாயங்காலத்துக்கு என்ன சமைக்கட்டும்?" என்று கேட்டாளாம். மாமா தன் வாழ்நாளில் சொன்ன ஒரே நகைச்சுவைக் கதை இதுதான். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அந்த வீட்டுச் சட்டம் இரண்டு. அழுக்குத் துணி ராத்திரி தங்கக் கூடாது. துவைக்காத துணி வாசலைத் தாண்டக் கூடாது. இரண்டையும் மீறியவன் ஒரே ஆள், அவர்கள் பெற்ற ஒரே பிள்ளை. லிஃப்ட் மெக்கானிக். தெருவில் அவனுக்குப் பேரே 'லிஃப்ட்டு'தான். கம்பெனி கொடுத்த நீலச் சட்டை இரண்டு. ஒன்றைப் போட்டால் வாரம் முழுக்க அதுதான். வலது கையை வலது இடுப்பில் துடைப்பான். துடைத்துத் துடைத்து அங்கே உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாக ஒரு கறை, விரல்கள்கூடத் தெரியும். இரண்டாவது பட்டன் கிடையாது, அந்த இடத்தில் ஒரு ஊக்கு. எதிரே பட்டன் கடை. நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். "ஊக்கு ஆத்திர அவசரத்துக்கு உதவும்ணா. பட்டன் உதவுமா?" என்பான்.

"வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு, லாண்டரி வீட்டுப் பிள்ளை அழுக்கு" என்று தெருவே கேலி செய்யும். அக்காவுக்கு அவமானம் தாங்காது.

"கழட்டுடா அதை."

"நாளைக்கும் அதே கிரீஸ்லதானம்மா போய் விழப்போறேன். ஞாயித்துக்கிழமை எடுத்துக்கோ."

"என் மானம் போகுதுடா."

"உன் மானம் என் சட்டையிலயா இருக்கு? பாத்துப் பத்திரமா வெச்சுக்கம்மா, கிரீஸ் பட்டுடும்."

மருமகள் படியில் உட்கார்ந்து சிரிப்பாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு போய் வருவாள். அவள் கோட்டைத் தினமும் அக்காதான் துவைப்பாள், அதில் ஒரு சொட்டு மருந்துகூட இருக்காது. "பாருடா, இவ எப்படி இருக்கா" என்று காட்டிக் காட்டிச் சொல்லுவாள்.

போன மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, ஊருக்குள் ஒரு பெரிய கட்டடத்தில், லிஃப்ட் குழிக்குள் விழுந்து அவன் போய்விட்டான். அன்றைக்கு ஏனோ மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தான். அது திரும்பி வரவில்லை. முந்தின நாள் வரை போட்டிருந்தது படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்துக்கொண்டு.

அந்த ஞாயிறு வந்தது. அக்கா மாடி ஏறிப் போய்க் கேட்டாள். "அந்தச் சட்டையை எடும்மா, துவைச்சுப் போட்டுடறேன்."

"இருக்கட்டும் அத்தை."

அடுத்த வாரமும் கேட்டாள். அதே பதில். பிறகு ஆணி காலியாக இருந்தது. மருமகள் சட்டையை ஒரு கவரில் போட்டு அலமாரிக்குள் வைத்துக்கொண்டாள். வேலைக்குப் போகும் முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பாள் என்று மாமா ஒரு நாள் என்னிடம் சொன்னார். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன செய்கிறாள் என்பது அவருக்கும் எனக்கும் புரிந்திருந்தது. அக்காவுக்குப் புரியவில்லை. வாசனை என்கிற ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

மியூசியத்திலிருந்து ஒரு மேடம் வந்தது அதற்கு அப்புறம். அக்கா ஹோட்டலுக்குத் துணி கொண்டுபோயிருந்த நேரம். மருமகளுக்கு அன்றைக்கு விடுமுறை. நான் மாமாவுக்கு நூல் கொண்டுபோனவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

மேடத்துக்கு ஐம்பது வயது இருக்கும். தலையை ஒட்ட வெட்டியிருந்தார். குரல் தணிவாக இருந்தது. வந்ததும் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க மியூசியத்துல சாமான் ஏத்துற பழைய லிஃப்ட் ஒண்ணு இருக்கும்மா. அது அடம்பிடிக்கும்போதெல்லாம் உங்க வீட்டுக்காரர்தான் வருவாரு. நாங்க பழைய உடுப்புகளை டப்பாவுல வெச்சு அதுலதான் மாடிக்குக் கொண்டுபோவோம். ஒருநாள் அவரு சொன்னாரு, 'மேடம், ராணி போட்ட துணியை நான் தூக்கிவிடறேன், ஆனா என் சட்டையை எந்த லிஃப்ட்லயும் ஏத்தமாட்டாங்க'ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. எனக்கு அது மனசுலயே நின்னுடுச்சு."

மருமகள் அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"இப்ப உடுப்பு வரலாறுன்னு பெரிய கண்காட்சி ஒண்ணு போடறோம். அரண்மனை உடுப்பு, பெரிய பெரிய டிசைனருங்க தெச்ச கவுன், எல்லாம் இருக்கும். கடைசி அறை மட்டும் உழைக்கிறவங்க உடுப்பு. அதுல அவரோட சட்டையை வைக்கணும்னு ஆசை. இடுப்புகிட்ட கை துடைச்ச கறை இருக்குமே, அந்தச் சட்டை."

"அது ஒண்ணுதான் மேடம் என்கிட்ட இருக்கு."

"தெரியும்மா. கட்டாயம் இல்ல."

மருமகள் சுவரைப் பார்த்தாள். ஆவியில் பெயிண்ட் உப்பிக்கொண்டிருந்தது. "இந்த வீட்டு ஈரத்துல கவருக்குள்ளயே பூஞ்சை பிடிக்குது. காலர்ல புள்ளி வந்துடுச்சு. வாசனையும் நாளுக்கு நாள் கம்மியாகுது. அங்க எப்படி வெச்சுக்குவீங்க?"

"மெல்லிசுக் காகிதத்துல சுத்தி, ஈரம் இல்லாத அறையில, இருட்டுல. கையுறை இல்லாம யாரும் தொடமாட்டாங்க."

"துவைப்பீங்களா?"

"துவைக்கவே மாட்டோம். வாசனைக்கு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா அந்தக் கறை நம்ம எல்லாருக்கும் அப்புறமும் இருக்கும்."

மருமகள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாமா?" என்று கேட்டாள். "நீங்க போன் பண்ணா போதும், நானே எடுத்துக் காட்டறேன்" என்றார் மேடம். அடுத்த வாரம் வண்டி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா திரும்பி வந்ததும் மாமா இரண்டே வரியில் விஷயத்தைச் சொன்னார். "லிஃப்ட்டு சட்டையை மியூசியத்துல வைக்கிறாங்களாம். அடுத்த வாரம் வண்டி வருது." மனிதர் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசியிருக்கலாம். பேசாமல் இருப்பது பெரிய குணம் என்பார்கள். சில சமயம் அதைப்போலக் கேடு வேறில்லை.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை போனதிலிருந்து அவள் முகத்தில் அன்றைக்குத்தான் ரத்தம் ஓடியது. தெரு முழுக்கச் சொன்னாள். "ராஜா ராணி உடுப்புக்குப் பக்கத்துல என் பிள்ளை சட்டை! நாலு பேர் வந்து பாப்பாங்க, போட்டோ பிடிப்பாங்க." சொல்லும்போதே அவள் கை முந்தானையை நீவிவிட்டுக்கொண்டிருந்தது.

வண்டி வருவதற்கு முந்தின நாள், மருமகள் மருந்துக்கடைக்குப் போனபிறகு, அக்கா அலமாரியைத் திறந்தாள்.

என்ன செய்தாள் என்பதை அவளே பிற்பாடு என்னிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். மெஷினில் போடவில்லை. மெஷினில் போடுகிற துணியா அது? சின்னத் தொட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டாள். முதலில் மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் கிரீஸை ஒற்றி ஒற்றி எடுத்தாள். கறைக்கு அடியில் பழைய துணி வைத்து, அது கறுக்கக் கறுக்க மாற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து ஊறவைத்தாள். காலரைக் கையாலேயே கசக்கினாள், பிரஷ் போட்டால் நூல் பிரிந்துவிடும். இடுப்புக் கறைதான் மல்லுக்கு நின்றது. மத்தியானம் சாப்பிடக்கூட வரவில்லை. கட்டைவிரல் தோல் உரிகிற வரைக்கும் தேய்த்தாள். "அவன் குழந்தையா இருந்தப்ப குளிப்பாட்டுவேன்ல தம்பி, திமிறிக்கிட்டே இருப்பான். அந்த மாதிரி இருந்துச்சு. அழுதுகிட்டே தேச்சேன். ஆனா சந்தோஷமாவும் இருந்துச்சு" என்றாள்.

கடைசியில் கறை போய்விட்டது. அவளிடம் போகாத கறை கிடையாது.

கஞ்சி போட்டு, நிழலில் உலர்த்தி, மாமாவிடம்கூடக் கொடுக்காமல் தானே இஸ்திரி போட்டாள். மாமா அன்று பாய்லருக்கு உதிரிச் சாமான் வாங்கப் போயிருந்தார். சாயங்காலம் சட்டையை ஹேங்கரில் மாட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள்.

"தம்பி, இதுக்குப் பொருத்தமா நீலத்துல ஒரு பட்டன் குடு. ஊக்கு குத்திக்கிட்டு ஊர் பாக்க நிக்கலாமா?"

சட்டை கடையில் தொங்கும் புதுச் சட்டை மாதிரி இருந்தது. அக்கா முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்த பெருமையைப் பார்த்தபிறகு என்ன சொல்வது? ஆனது ஆகிவிட்டது. பட்டனைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். "காசு வேண்டாம்க்கா" என்றேன். ஊக்கைக் கழற்றி என் மேஜை மேல் வைத்துவிட்டு, அங்கேயே நின்று பட்டனைத் தைத்துக்கொண்டு போனாள்.

நானும் கடையை அடைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டு அவளைத் தனியாக விட மனசு வரவில்லை.

மருமகள் வரும்போது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. குடையை மடக்கியவள் கல்லாவுக்கு மேலே கண்ணாடித்தாள் கவருக்குள் தொங்கிய சட்டையைப் பார்த்தாள். யாரோ வாடிக்கையாளர் சட்டை என்றுதான் முதலில் நினைத்திருப்பாள். பார்வை தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

"இது யாருது அத்தை?"

"யாருதா? நல்லாக் கேட்ட போ! உன் புருஷன் சட்டையே உனக்கு அடையாளம் தெரியல பாத்தியா? அந்த அளவுக்கு ஆக்கிட்டேன்."

மருமகள் கவரைக் கிழித்தாள். சட்டையை முகத்தோடு சேர்த்து அழுத்தினாள். காலரில், அக்குளில், முதுகில் என்று மாறிமாறி முகம் வைத்துப் பார்த்தாள். எதையோ தொலைத்தவள் வீடு முழுக்கத் தேடுவதுபோல இருந்தது. இடுப்புப் பக்கத்தை விரித்துப் பார்த்தாள்.

"அத்தை, என்ன பண்ணீங்க?"

"ஏன்? எங்கயாவது விட்டுப்போச்சா?"

"அத்தை, என்ன பண்ணீங்க அத்தை?"

"அழுக்குச் சட்டையையா அனுப்புவ? நாலு பேர் பாக்குற இடத்துல? லாண்டரி வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிச் சிரிக்க மாட்டாங்களா? உயிரோட இருந்தப்பதான் என் பேச்சைக் கேக்கல…"

"உங்களை யாரு துவைக்கச் சொன்னா?"

"என் பிள்ளை சட்டையைத் துவைக்க எனக்கு ஒருத்தர் சொல்லணுமா?"

மருமகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவரு வாசனை அதுலதான் இருந்துச்சு. தினமும் கொஞ்சம் கொஞ்சமா மோந்து பாத்துக்கிட்டு இருந்தேன். ரொம்ப மோந்தா தீர்ந்துடும்னு பயந்து பயந்து. இன்னிக்குத்தான் அத்தை அவரு செத்தாரு" என்றாள்.

மாமா உள்ளே வந்து சாமான் பையோடு நின்றார். யாரும் அவருக்கு எதையும் சொல்லத் தேவை இருக்கவில்லை. அக்கா மட்டும் எங்கள் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு மருமகள் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. வாசனையாவது! தன்னைக் கேட்காமல் அலமாரியைத் திறந்ததற்குத்தான் இந்தக் கோபம் என்று எடுத்துக்கொண்டாள். "பிள்ளையார் பிடிக்கக் குரங்காச்சு தம்பி. நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று என்னிடம் முணுமுணுத்தாள்.

மறுநாள் வண்டியோடு மேடமே வந்தார். சட்டையைப் பார்த்ததும் கையிலிருந்த வெள்ளைக் கையுறையை மாட்டாமல் அப்படியே நின்றார். அக்கா ஆவலோடு, "எப்படி மேடம்?" என்றாள். மேடம் மருமகளைத் தேடினார். அவள் கீழே இறங்கி வரவில்லை.

"ரொம்ப… ரொம்ப சுத்தமா இருக்கும்மா" என்றார்.

"சுத்தமா இருக்கணும்ல!"

எடுத்துக்கொண்டு போவாரோ மாட்டாரோ என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. மாமா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "எடுத்துட்டுப் போங்கம்மா. இடம் போட்டு வெச்சிருப்பீங்க" என்று மட்டும் சொன்னார். மேடம் தலையாட்டிவிட்டு எடுத்துப் போனார்.

அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சு அற்றுப்போனது. மருமகள் சண்டை போடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டாள். கேட்டதற்கு உம் என்றாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று அக்கா புலம்பினாள். வேறு ஊரில் இருந்த மருமகளின் மூத்த அக்காவிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. அங்கே ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை தயாராக இருந்தது. மழை விடாமல் பெய்த ஒரு காலையில் அவள் மாமாவிடம் சொல்லிவிட்டாள், மாசக் கடைசியில் போவதாக.

அக்கா ஆடிப்போனாள். பிள்ளையும் இல்லை, பேரப்பிள்ளையும் இல்லை. அந்த வீட்டில் அவனை நினைத்து அழுகிற மூன்றாவது ஆளும் போய்விட்டால் இரண்டு கிழங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். "கண்காட்சியில அந்தச் சட்டையைப் பாத்தா இவ மனசு இளகிடும் தம்பி. பெத்தவ கௌரவமா அனுப்பி வெச்சிருக்கான்னு புரிஞ்சுக்குவா. அப்புறம் போகமாட்டா" என்று அதையே பிடித்துக்கொண்டிருந்தாள். மருமகளிடம் கெஞ்சினாள். "ஒரே ஒரு தடவ வந்து பாரு. அதுக்கப்புறம் நீ போறதுன்னா போ, நான் தடுக்கல." மருமகள் சரி என்றாள்.

நாலு பேரும் பஸ்ஸில் போனோம். மாமா அபூர்வமாக ஷூ போட்டிருந்தார்.

முதல் அறையில் நுழைந்ததுமே அக்கா, "என்ன தம்பி, கரண்ட் இல்லையா?" என்றாள். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுத்துவிடும் என்பதால் விளக்கைக் குறைத்திருந்தார்கள். தலையில்லாத பொம்மைகள் வரிசையாக நின்றன. உள்ளே பஞ்சு வைத்து ஒவ்வொரு உடுப்புக்கும் ஏற்ற உடம்பு செய்திருந்தார்கள். தோள் சரிந்தவர், முதுகு வளைந்தவர், வயிறு வைத்தவர் என்று உடுப்பை வைத்தே ஆளைப் படைத்திருந்தார்கள். அரண்மனை அங்கிகள், இடுப்பை இறுக்கிக் கட்டும் கவுன்கள், காகிதத்தில் வெட்டிய அளவுகள், ஊரறிந்த டிசைனர் ஒருவர் பென்சிலில் போட்ட படங்கள். தூக்கிப் பிடிக்க நாலு பேர் வேண்டியிருக்கும் பாவாடை ஒன்று இருந்தது. எனக்குப் பட்டன் மேல்தான் கண். ஒரு கோட்டில் எலும்பில் செதுக்கிய பட்டன், அடேயப்பா.

அக்கா வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"தம்பி, அந்த வெள்ளை கவுன்ல பாரு, மார்புகிட்ட சிவப்பா. ஒயின் கறை. உப்பு போட்டிருந்தா அன்னிக்கே போயிருக்கும்." இரண்டடி தள்ளி, "அக்குள் எப்படி மஞ்சளா இருக்கு பாரேன். இவ்வளவு பெரிய மியூசியம், ஒரு லாண்டரிக்காரியைக் கூப்பிடக் கூடாதா? என்கிட்ட குடுத்தா ஒரு பகல்ல…"

பக்கத்தில் ஒரு பெண் கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாட்டியக்காரியின் மேலாடை அது. "வேர்வைக் கறையை வேணும்னேதான் விட்டிருக்கோம். இதைப் போட்டுக்கிட்டு ஆடினவங்களை நாங்க யாரும் பாத்ததில்லை. அவங்க ஆட்டமும் எங்கயும் பதிவாகல. அவங்க உடம்புன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். இதைத் துவைச்சா அவங்க போயிடுவாங்க."

அக்கா பேசுவதை நிறுத்தினாள். அந்த மேலாடைக்கு முன்னால் கூட்டம் நகர்ந்த பிறகும் நின்றாள். அடுத்ததாக ஒரு படைவீரனின் கோட்டு, ஓரமெல்லாம் காய்ந்த சேறு. அதற்கடுத்துக் குழந்தைச் சட்டை ஒன்று, நெஞ்சில் பால் கக்கிய தடம். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள். கடைசி அறைக்குள் போகும்போது மாமாவின் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

உழைத்தவர்களின் அறை அது. ரொட்டிக் கடைக்காரரின் மேலங்கித் தையல்களில் மாவு இறுகிப் போயிருந்தது. பஸ் ஓட்டுநர் கோட்டின் முதுகு, சீட்டில் உரசி உரசிக் கண்ணாடி மாதிரி மின்னியது. சுரங்கக்காரரின் கால்சட்டை முழங்காலில் பிய்ந்து, மேலே ஒட்டுப்போட்டு, அதுவும் பிய்ந்திருந்தது. மூலையில், எல்லாவற்றுக்கும் நடுவே பளிச்சென்று, எங்கள் 'லிஃப்ட்டு'வின் சட்டை. கஞ்சி மொடமொடப்புக் கலையாமல், காலர் மடங்காமல், ஐந்து பட்டனும் போட்டு.

ஒரு புருஷன் பெண்டாட்டி எங்களுக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களை அவர்களுக்குத் தெரியாது.

"இது என்ன, கடையில வாங்கி மாட்டினதா?" என்றாள் அந்தப் பெண்.

"லிஃப்ட் மெக்கானிக்னு எழுதியிருக்கு."

"பாத்தா தெரியலையே. மத்தவங்கெல்லாம் எப்படி உழைச்சிருக்காங்க. இவரு ஒரு நாள்கூட வேலைக்குப் போகாதவரு மாதிரி இருக்காரு."

சிரித்துக்கொண்டே நகர்ந்து போனார்கள். சொல்லக்கூடாதது எதையும் அவர்கள் சொல்லவில்லை. கண்ணுக்குப் பட்டதைச் சொன்னார்கள்.

அக்கா கயிற்றுத் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "உழைச்சவன்மா, உழைச்சவன்மா" என்று போய்விட்டவர்களின் முதுகைப் பார்த்துச் சொன்னாள். சத்தம் வரவில்லை. பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். மருமகள் சட்டையின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தேய்த்த தேய்ப்பில் அங்கே சாயம் போய், உள்ளங்கை அளவுக்கு ஒரு வெளிறல். கிட்டப் போய்ப் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. நானும் மாமாவும் ஓரமாக நின்றோம். அக்கா உட்கார்ந்ததும் மருமகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதுல அவன் வாசனை இருந்துச்சா?" என்று கேட்டாள் அக்கா.

"இருந்துச்சு அத்தை."

"எனக்குத் தெரியாதும்மா. என் மூக்கு என்னிக்கோ செத்துப்போச்சு. கண்ணுக்குத் தெரிஞ்ச அழுக்குதான் எனக்குத் தெரியும்." கொஞ்சம் பொறுத்து, "எப்படி இருந்துச்சு? சொல்லேன். அவன் பெரியவனான பிறகு எப்படி இருந்தான்னு எனக்குத் தெரியவே தெரியாது. குழந்தையா இருந்தப்பதான் தெரியும்."

மருமகள் யோசித்தாள். "கிரீஸ் வாசனை. இரும்பு வாசனை கொஞ்சம், சாவியைக் கையில வெச்சிருந்தா வருமே, அது. காலர்ல வேற. காலர்ல…" அவள் நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு முயற்சி செய்தாள். "காலர்ல எப்படி இருக்கும்னு… எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது அத்தை."

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அழுது ஒன்றாகிவிட்டார்கள், இனி போகமாட்டாள் என்று நான் நினைத்தேன். மாசக் கடைசியில் அவள் போனாள். கிளம்புகிற அன்று அக்காவின் காலடியில் உட்கார்ந்து சொன்னாள். "கோபம் ஒண்ணும் இல்ல அத்தை. இந்த வீட்டுல எங்க திரும்பினாலும் சோப்பு வாசனைதான் வருது. அவரு எங்கயுமே இல்ல. என்னால முடியல."

அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். தடுக்கவில்லை. பெட்டியைத் தானே பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனாள்.

பிறகு நாலைந்து நாள் அவள் வாசலுக்கே வரவில்லை. தெருவில் போகிறவர்களின் கறை பிழைத்தது. ஒரு மத்தியானம், மழை விட்டிருந்த நேரம், ஒரு பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். இறுக்கி ரப்பர் பேண்டு போட்டிருந்தாள்.

"தம்பி, கதவைக் கொஞ்சம் சாத்து. காத்து வருது."

சாத்தினேன். ரப்பர் பேண்டைக் கழற்றிக் கவரின் வாயை விரல் நுழைகிற அளவுக்குத் திறந்தாள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. மருமகளின் மருந்துக்கடைக் கோட்டு. கடைசி நாள் போட்டுவிட்டு வழக்கம்போல அழுக்குக் கூடையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கைப்பக்கத்தில் ஏதோ மருந்து சிந்தி மஞ்சளாகக் காய்ந்திருந்தது. அந்த வீட்டில் துவைக்காமல் இத்தனை நாள் தங்கிய துணியை நான் பார்த்தது அதுதான் இரண்டாவது தடவை.

"நான் தொடலை தம்பி. இடுக்கியாலதான் எடுத்துக் கவர்ல போட்டேன்" என்றாள். "உங்க மாமாகிட்ட கேட்டா அழறாரு. நீ மோந்து பாத்துச் சொல்லு. அவ வாசனை இருக்கா?"

குனிந்து மோந்து பார்த்தேன். மருந்து நெடி. அதற்கடியில் தலைமுடி வாசனை, லேசாக வேர்வை.

"இருக்குக்கா."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"போதும், போதும். ரொம்ப மோந்துடாத" என்று சட்டென்று கவரை மூடி, காற்றை வெளியே விடாமல் வாயை முறுக்கி ரப்பர் பேண்டைப் போட்டாள்.